வாசல் பனிக்கு பாயா, பாவ்டாவா?

நவம்பர் பிறந்தால் போதும், டொராண்டோ பக்கம் இருக்கிற நம்ம ஆட்களிடமிருந்து இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், கோயிலில் பார்க்கிற நண்பர், போனில் மச்சினன். "டிரைவ்வேக்கு அந்த ஹீட்டட் மேட் போட்டுடலாமா, இல்ல இந்த வருஷமும் சவுள்தானா?"

2025 பிப்ரவரி வரை நான் சவுள் கட்சி. சாதா உறுப்பினர் இல்லை, கொள்கைப் பரப்புச் செயலாளர் ரேஞ்சு. அதற்கப்புறம் கட்சி மாறிவிட்டேனா என்றால், பாதி. ஏன் முழுசாக மாறவில்லை, ஏன் அந்தப் பாதியாவது மாறினேன் என்பதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக லெக்சர் அடிக்க வேண்டாம் பாருங்கள்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே வீட்டுக்கு முன்னால் தெரு வரைக்கும் கார் நிறுத்த ஒரு சிமெண்ட் அல்லது தார்ப் பாதை இருக்கும். அதுதான் டிரைவ்வே. ராத்திரி ஸ்னோ கொட்டினால் காலையில் அதை எடுத்தால்தான் காரை எடுக்க முடியும். எடுக்காமல் விட்டால் டயர் ஏறி அமுங்கி, ஐஸாக இறுகி, தபால்காரர் முதல் வீட்டுக்காரம்மா வரை வழுக்கி விழுவார்கள். எடுப்பதற்கு ஒரு அகலமான மண்வெட்டி மாதிரி சாமான் உண்டு. அது சவுள். எங்க டிராம்பே பாஷையில் பாவ்டா. இன்னொரு வழி, கரண்டில் சூடாகிற ரப்பர் பாய். மேலே விரித்து பிளக்கை சொருகினால், விழ விழ ஸ்னோ உருகி ஓடிவிடும். இதையே பெரிய அளவில் செய்யவேண்டுமென்றால் டிரைவ்வேயைத் தோண்டி அடியில் ஹீட்டிங் கேபிள் பதிக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

நான் வளர்ந்தது பம்பாய் டிராம்பேயில், சீத்தா கேம்ப்பில். 1976-ல், எமர்ஜென்சி நேரத்தில், அணுசக்தி மையத்துக்கு இடம் வேண்டுமென்று பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த ஜனங்களைக் கொண்டுவந்து விட்ட இடம் அது. கழிமுகத்தை ஒட்டின சதுப்பு நிலம். அப்பாவுக்கு அப்போது 23 வயது. தரையில் கால் வைத்தால் பதியும் என்பார். கமேலாவில் (நம்மூர் இரும்புச் சட்டி) இடிசலும் மண்ணும் சுமந்து சுமந்து தரையை மேடாக்கித்தான் ரூம் கட்டினார்கள். அப்புறமும் ஒவ்வொரு ஜூன் மாதமும் போராட்டம்தான். மழை பிடித்தால் நாலா பொங்கி கல்லிக்குள் வரும். கடலும் ஏறி நின்றால் தண்ணீர் போக வழி கிடையாது.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அம்மா போட்ட சட்டம். தண்ணீர் வாசல்படியைத் தொட்டவுடன் எறைக்க ஆரம்பித்துவிட வேண்டும். முழங்கால் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது கிடையாது. ஆளுக்கு ஒரு டப்பா, பத்து நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாறணும். இன்னொன்று, எறைத்த தண்ணீரை பக்கத்து ரூம் பக்கம் ஊற்றக்கூடாது. அந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் கல்லியில் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

பிற்பாடு கல்லியில் ஒருத்தர் மோட்டார் பம்ப் வாங்கினார். எல்லாரும் வாயைப் பிளந்தோம். 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். புறநகரில் பல இடங்களில் கரண்டை நிறுத்திவிட்டார்கள், எங்கள் கல்லி உட்பட. பம்ப் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தது. டப்பாதான் ராத்திரி முழுக்க வேலை செய்தது.

என்னுடைய சவுள் கட்சிக்கு மூலக் கொள்கை அங்கே வந்தது. மெஷினை நம்பாதே, கையை நம்பு.

2024 டிசம்பரில் வீட்டுக்காரம்மா ஹீட்டட் மேட் பேச்சை எடுத்தாள். டிரைவ்வே முழுசுக்கும் கேபிள் போட ஒரு கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தாள். ஐந்து இலக்கத் தொகை. நான் நன்றாகக் குரல் உயர்த்தியே சொன்னேன்: "கை எதுக்கு இருக்கு? ஓசியில எக்சர்சைஸ். இதுக்கெல்லாம் ஜிம்முக்குப் பணம் கட்டுறாங்க." அம்மா போனபிறகு எங்களோடு இருக்க வந்திருந்த அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அது எப்படி விழுந்தது என்பது எனக்கு பிப்ரவரியில்தான் தெரிந்தது.

2025 பிப்ரவரி நடுவில் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் புயல். முந்தினது கரைவதற்குள் அடுத்தது. ஒரு காலை ஆறரை மணிக்கு கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, கெதியா வாங்கோ. ஐயா வெளியில படியில இருக்கிறார். முகம் சரியில்லை."

அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் என் பழைய ஜாக்கெட். கையில் சவுள். முக்கால்வாசி டிரைவ்வே துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பிப்ரவரி குளிரில் நெற்றியில் வேர்வை. "ஒண்ணுமில்லல, மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றார். இடது கையை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்டென்ட். பிழைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்ப பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன், "யாருப்பா உங்கள தள்ளச் சொன்னா?" அவர் சொன்ன பதில்: "ஆயிரக்கணக்குல செலவு எதுக்குன்னு நீதான சொன்ன. சும்மாதான இருக்கேன். மழைத் தண்ணி எறச்ச கைக்கு இது என்ன, பஞ்சு."

பஞ்சு! அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் டிரைவ்வே 18 அடிக்கு 30 அடி. 540 சதுர அடி, அதாவது 50 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் புது ஸ்னோ விழுந்தால், கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 750 கிலோ. முக்கால் டன். ஒரு சவுளுக்கு 5 கிலோ என்றால் 150 தடவை குனிந்து, அள்ளி, எறிய வேண்டும். ஈர ஸ்னோ என்றால் இதுவே இரண்டு மூன்று மடங்கு கனம். பஞ்சு மாதிரி தெரிகிறது, இறங்குவதோ மண் மூட்டை.

அதே 750 கிலோவை உருக்க எவ்வளவு கரண்ட்? ஒரு கிலோ ஐஸ் தண்ணீராக 334 கிலோஜூல் வேண்டும். இது பத்தாம் கிளாஸ் பாடம்தான். மொத்தம் சுமார் 70 யூனிட். காற்றிலும் தரையிலும் போகிற சூட்டையும் சேர்த்தால் இரண்டு மடங்கு, 140 யூனிட் என்று வையுங்கள். யூனிட்டுக்கு 15 சென்ட் என்றால் ஒரு ஸ்னோவுக்கு 21 டாலர். பணம்கூடப் பரவாயில்லை. பதிக்கிற கேபிளுக்கு சதுர அடிக்கு 50 வாட் என்று கணக்கு. 540 சதுர அடிக்கு 27 கிலோவாட். 240 வோல்ட்டில் 112 ஆம்பியர். இங்கே நிறைய பழைய வீடுகளுக்கு வருகிற மொத்த கனெக்‌ஷனே 100 ஆம்பியர்தான்! வீட்டில் ஒரு பல்பு எரியாமல் டிரைவ்வேயை மட்டும் சூடாக்கினாலும் போதாது.

மனிதன் செய்தால்? ஒரு மணி நேரம் தள்ளுவதற்கு உடம்பு எரிப்பது 400 கலோரி சொச்சம். அரை யூனிட்டுக்கும் குறைவு. எட்டு இட்லி சமாச்சாரம்.

70 யூனிட்டுக்கு எதிரில் எட்டு இட்லி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் ஊருக்கு உபதேசம் செய்தேன். கணக்கில் தப்பே இல்லை. ஒரு ஐட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன், தள்ளுகிறவனின் இதயம்.

1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, ஆனால் ஆரோக்கியமான 10 ஆண்களை ஈர ஸ்னோ தள்ள வைத்து அளந்தார்கள். இரண்டே நிமிஷத்தில் இதயத் துடிப்பு, பயிற்சிக்குச் சொல்லப்படும் மேல் எல்லையைத் தாண்டியது. ட்ரெட்மில்லில் உச்சகட்டமாக ஓடியபோது ஏறியதைவிட ரத்த அழுத்தம் அதிகம் ஏறியது. 2017-ல் மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் கனடிய மருத்துவச் சங்க இதழில் எழுதியது இன்னும் பயம். 1981 முதல் 2014 வரை கியூபெக் மாகாணக் கணக்குகளை எடுத்துப் பார்த்ததில், 20 சென்டிமீட்டர் ஸ்னோ விழுந்ததற்கு அடுத்த நாள், ஸ்னோ விழாத நாளோடு ஒப்பிட்டால், ஆண்கள் மாரடைப்பில் இறப்பது 34 சதவீதம் அதிகம். பெண்களிடம் அப்படி ஒரு ஏற்றம் தெரியவில்லை. சவுளை எடுப்பது பெரும்பாலும் யார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காரணம் புரியாத விஷயமில்லை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அப்போதே பளுவும் தூக்குகிறோம், அதுவும் காலை விட்டுவிட்டுக் கையால். தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நேரமோ விடியற்காலை, தூங்கி எழுந்த உடம்பு. இதில் தெற்காசியர்களான நமக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே இதய நோய் வருவது எல்லா டாக்டரும் சொல்கிற செய்தி. வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே காலையில் முக்கால் டன் தூக்குவது எக்சர்சைஸ் இல்லை மக்களே. அப்பா கையில் ஒரு காலத்தில் இருந்த பலம் வேறு, 72 வயதில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற நெஞ்சு வேறு.

"அப்போ பேசாம கேபிள் போட்டுடுறதுதானே?" என்றால், அதற்கும் என்னால் ஆமாம் போட முடியவில்லை.

வெந்நீர் மிச்சப்படுகிற இடத்தில் தெருவைச் சூடாக்குவது புத்திசாலித்தனம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர் வீடுகளைச் சூடாக்கிவிட்டு, மீதி இளஞ்சூட்டோடு நடைபாதைக்கு அடியில் ஓடுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து என்ற ஊரில் 1988 முதல், மின் நிலையத்தின் கழிவுச் சூட்டைக் குழாய்களில் கொண்டுவந்து கடைத்தெருவை உலர்த்தி வைத்திருக்கிறார்கள். டிராம்பே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது உறைக்கிறது. அங்கேயும் சூட்டைக் கடல் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்புகிறது. வீணாய்ப் போகிற சூட்டை எடுத்துக்கொள்வது ஒன்று. அருமையான கரண்டைக் காசு கொடுத்து வாங்கி, 50 சதுர மீட்டர் தரை வழியாக வானத்துக்கு அனுப்புவது இன்னொன்று.

பாய்க்கும் அதற்கென்று வியாதிகள் உண்டு. மணிக்கு 2 அங்குலம் உருக்கும் என்று அட்டையில் போட்டிருப்பான். மேலே போட்ட கணக்கின்படி, 100 கிலோ கன ஸ்னோவை அந்த வேகத்தில் உருக்க, ஒரு துளி சூடுகூட வீணாகாமல் இருந்தாலே சதுர மீட்டருக்கு 470 வாட் வேண்டும். சாதாரணப் பாய் கொடுப்பதே அவ்வளவுதான் அல்லது அதற்கும் கீழே. குளிர்காற்று அடித்தால் சொன்ன வேகம் வராது. உருகிய தண்ணீர் பாயின் ஓரத்தில் போய் மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரி நிற்கும், அது ஸ்னோவைவிட ஆபத்து. நகராட்சி வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது நம் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகிற கட்டியை எந்தப் பாயும் உருக்காது. கரண்ட் போனால் கதை முடிந்தது. 2013 டிசம்பர் ஐஸ் புயலில் டொராண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருட்டில் கிடந்தன, பல வீடுகளுக்குக் கரண்ட் வர நாள் கணக்காயிற்று. 2005-ல் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்த பம்ப் ஞாபகம் வருகிறதா?

அதனால் என் தீர்ப்பு இது. யார் கேட்டாலும் இனி இதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. படிக்கட்டுக்கும் கதவிலிருந்து கார் வரைக்குமான நடைக்கும் பாய் போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போன வருஷமே போட்டிருக்க வேண்டும். நான் மூன்று படிக்கும் ஒரு நடைக்கும் போட்டேன். மொத்தம் 500 வாட் சொச்சம். பத்து மணி நேரம் ஓடினால் 5 யூனிட், ஒரு டாலர்கூட இல்லை. வாங்கினதற்கு ஆன செலவு, கேபிள் கொட்டேஷனில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் வெளிப்புறத்துக்கான, ஷாக் அடித்தால் உடனே துண்டிக்கிற பிளக் பாயிண்டில் மட்டும் சொருகுங்கள். வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக இழுக்கிற நம்ம ஊர் வேலை வேண்டாம்.

2. டிரைவ்வேக்கு கேபிள் வேண்டாம். அங்கே சவுள்தான், ஆனால் அம்மா சட்டப்படி. வாசல்படியைத் தொட்டவுடன் ஆரம்பிக்கணும். 20 சென்டிமீட்டர் விழுந்து முடியட்டும் என்று தூங்காமல், 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை தள்ளுங்கள். தூக்காதீர்கள், தள்ளுங்கள். பத்து நிமிஷம் தள்ளினால் ஐந்து நிமிஷம் உள்ளே.

3. 55 தாண்டியவர்கள், பிரஷர், சுகர், ஏற்கனவே நெஞ்சுவலி உள்ளவர்கள் சவுளைத் தொடவே வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் இருக்கும் காலேஜ் பையனுக்கு 20 டாலர் கொடுங்கள். கேபிளுக்கு ஆகிற கரண்ட் காசுதான் அது.

4. முடிந்தால் மூன்று வீடு சேர்ந்து ஒரு ஸ்னோ ப்ளோயர் வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டு பிலிப்பினோ குடும்பம், நாங்கள். முதலில் யார் எழுகிறாரோ அவர் மூன்று வாசலையும் எடுத்துவிடுவார்.

நாலாவதுதான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது. சீத்தா கேம்ப்பில் கையை நம்பினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் நாங்கள் நம்பியது ஒரு கையை அல்ல, கல்லியில் இருந்த நாற்பது கைகளை. பத்து நிமிஷத்துக்கு ஆள் மாற ஆள் இருந்தது. யாராவது நெஞ்சைப் பிடித்தால் பார்ப்பதற்குப் பத்து கண் இருந்தது. இங்கே ஒவ்வொருத்தரும் விடியற்காலை இருட்டில் அவரவர் டிரைவ்வேயில் தனியாக முக்கால் டன் தூக்குகிறோம். நான் ஊரிலிருந்து டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், கல்லியை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டில் வயசானவர்களை வைத்துக்கொண்டு செலவைப் பற்றி சத்தமாகப் பேசாதீர்கள். நமக்கு அது புருஷன் பொண்டாட்டி வாக்குவாதம். கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு அது, இந்த வீட்டில் நான் எதற்காவது உபயோகமாக இருக்கிறேனா என்ற கேள்விக்கு வந்த பதில்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். சவுளை கராஜில் பூட்டி வைத்திருக்கிறேன், சாவி என்னிடம். ஆனால் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். பாயின் ஸ்விட்ச் அவர் பொறுப்பு. சாயங்காலம் வானிலை பார்த்து, எப்போது போடணும், எப்போது அணைக்கணும் என்று அவர்தான் முடிவு செய்வார். முதல் நாள் பாயைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலுக்குக் கீழ கரண்டு ஓடுது, இதுக்கு துட்டு வேற" என்று சிரித்தார். ரெண்டு நாள் கழித்து காலையில் பார்த்தால், மூன்று படியும் காய்ந்து கிடந்தது. ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து, எதிர் வீட்டுக்காரர் ப்ளோயர் ஓட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏல, அவன் நம்ம பக்கத்து ஸ்னோவ ரோட்டுல தள்ளுதான். அது தப்புல்லா?"

தப்புதான் அப்பா. இங்கேயும் அதற்குச் சட்டம் இருக்கிறது.